‘நகராதே’ என்று சொல்லிவிட்டுப் போனேன்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம், திருநாளுக்கு ஒரு கிடாய் வாங்க வாழப்பாடிச் சந்தைக்குப் புறப்பட்டேன். ஏழு வயது மகளும் கூட வந்தாள். பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ் மேட்டில் திணறும்போதெல்லாம் அவளுக்கு ஒரே சிரிப்பு.

எங்கள் கோயிலில் என் பிள்ளைகளுக்கு நல்ல பெயர். பூசை முடியும்வரை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மற்ற பெற்றோர் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். வீட்டில் ஒரு பிரம்பு இருந்ததை மட்டும் விவரமாகச் சொன்னதில்லை.

ஆடு விற்கிற பக்கம் நெரிசல். மகளைப் புளியமரத்தடியில், பானை விற்கும் ஓர் அம்மாளின் அருகே நிறுத்தி, நான் வரும்வரை ஓரடி நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தீ தீ என்று கூச்சல்! பலகாரக் கொட்டகையின் கீற்றில் பிடித்த தீ, காற்றோடு பக்கத்து வைக்கோல் வண்டிக்குத் தாவிவிட்டது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சந்தையே என்னை நோக்கி ஓடி வந்தது. நான் ஒருவன் எதிர்த் திசையில்! செருப்பு போனது, மேல்துண்டு போனது. அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வண்டி நின்றது புளியமரத்துக்குப் பத்தடியில்.

புகைக்குள் அவள் நின்றிருந்தாள், இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு. பானைக்கார அம்மாள் முந்தானையை நனைத்து அவள் தலைமேல் போட்டு, அணைத்தபடி நின்றாள். இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால் மரக்கிளை பற்றி எரிகிறது.

“எவ்வளவு இழுத்தும் வரலீங்க. அப்பா நிக்கச் சொன்னாருன்னு மரத்த விடல. பச்சப் புள்ளைய விட்டுட்டு நான் எங்க போறது?” என்றாள் அந்த அம்மாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தீயைப் பார்த்துப் பயமாக இல்லையா என்று மகளைக் கேட்டேன்.

“பயமாத்தான் இருந்துச்சுப்பா. ஆனா நகந்தா அடிப்பீங்களே.”

ரோட்டு ஓரத்திலேயே மண்டியிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப இனிமே தீ வந்தா ஓடலாமாப்பா?” என்றாள். பானைக்கார அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

கிடாய் வாங்காமலேயே ஊர் திரும்பினோம். அந்த வாரம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைத்தான் முதலில் சொன்னேன். பிரம்பை உடைப்பது சுலபமாக இருந்தது. கையை அடக்கப் பழகத்தான் நாளாயிற்று.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் லாந்தர் விளக்கின் கண்ணாடிச் சிம்னி உடைந்து கிடந்தது. யார் என்று நான் கேட்பதற்குள் மகளே வந்து, என் முகத்தைப் பார்த்து, தான்தான் உடைத்ததாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை! வேறு சிம்னி கிடைக்காத அந்த நாளில், இருட்டில் உட்கார்ந்து குடும்பமாகச் செபமாலை சொன்னோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் செபித்ததில்லை.

கடவுளுக்குப் பயந்த பிள்ளைகளை வளர்ப்பதாக நினைத்து, எனக்குப் பயந்த பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஏழு வயதுக் குழந்தை ஒரு வரியில் சொன்னது, இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.