குடுக்கத்தான் போறன்

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘குடுக்கிறது’ என்பதற்கு இரண்டு பொருள். வாங்கின சாமானைத் திருப்பித் தருவதும் குடுக்கிறதுதான், ஒருவனைப் போட்டு அடிப்பதும் குடுக்கிறதுதான். ‘அவனுக்கு ரெண்டு குடுத்தன்’ என்று சொன்னால் கச்சான் கொட்டை குடுத்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள். குரலைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, எந்தக் குடுப்பு என்று விளங்கிக்கொள்வோம். நான் ஒருநாள் குரலை மட்டும் கேட்டேன். முகத்தைப் பார்க்குமுன் என் சைக்கிள் ஓடத் தொடங்கிவிட்டது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. இப்போது இருபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் ‘தந்தி’. துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தால் அது எந்த நாட்டுக் கொடி, எங்கே நங்கூரம் போட்டது என்று முதல் மணி அடிக்குமுன் வகுப்புக்குச் சொல்வது நான்தான். தலைமை வாத்தியாருக்கு இடமாற்றம் வந்ததை அவருக்கே முதலில் சொன்னவன் நான் என்றும் ஒரு கதை உலாவியது. அது பொய், ஆனால் மறுக்க மனம் வரவில்லை. பத்திரிகைக்காரனாக வரவேண்டும் என்ற ஆசை எனக்கு. செய்தியை முதலில் கொண்டுபோகிறவன்தான் பத்திரிகைக்காரன் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கதையில் வரும் இரண்டு பேருக்கும் என்னைவிட ஒரு வயது குறைவு. ஒருவன் எங்கள் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளன். தகப்பனுக்குச் சந்தையில் மீன்கடை. ஆள் நல்ல உயரம், நெடுவல். முன்பல் இடைவெளியால் விசிலடிப்பான். ஒருமுறை ஜெற்றியில் என் செருப்பு கடலுக்குள் விழுந்தபோது, நான் கேளாமலே சேட்டோடு குதித்து எடுத்துத் தந்தவன். மற்றவன் எங்கள் ஒழுங்கைக்காரன், நாலு வீடு தள்ளி இருந்தவன். தகப்பன் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்று மாமனுடன் வலைக்குப் போனவன். வாயைத் திறந்தால் மூன்று சொல்லுக்கு மேல் வராது. கோல்காரன், வலைக்காரன் என்றே எழுதுகிறேன். அவர்களுடைய பெயர்களை எழுதும் உரிமை எனக்கு இல்லை.

மாதா கோயில் திருநாள் சாப்பாட்டுக்கு அறுக்குளா மீன் வெட்டவென்று வலைக்காரனின் தாய் மீன்கடைக்காரரிடம் ஒரு பெரிய கத்தி இரவல் வாங்கியிருந்தா. திருநாள் முடிந்து கொடியும் இறக்கியாயிற்று, கத்தி திரும்பிப் போகவில்லை. வெறும் மறதி. கோல்காரனுக்கு அது பகிடியாகிவிட்டது. பின்னேரங்களில் வலைக்காரன் மைதானத்தின் ஓரத்தில் நின்று விளையாட்டுப் பார்ப்பான். அவனைக் கண்டால் கோல் கம்பத்தடியில் நின்றே இவன் கத்துவான்:

“என்னடா, எங்கட கத்தியைத் திண்டிட்டியளோ? செமிச்சிட்டுதோ?”

எல்லோரும் சிரிப்போம். ஒரு வெள்ளிக்கிழமை நான் என் பங்குக்கு, “செமிக்காட்டில் கொம்மாவுக்கு ஓமத்தண்ணி வாங்கிக் குடு” என்றேன். அதற்குத்தான் அன்று அதிகச் சிரிப்பு. வலைக்காரன் கோல்காரனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் சனி. மத்தியானம் கழிந்து ஒழுங்கை வாசலில் அவனைக் கண்டேன். கமக்கட்டுக்குள் பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று. எங்கே என்று கேட்டேன்.

“ஜெற்றிக்கு. அவனுக்கு இண்டைக்குக் குடுக்கத்தான் போறன்.”

மூன்று சொல்லுக்கு மேல் பேசிவிட்டான். குரல் இறுகியிருந்தது. பேப்பருக்கு வெளியே கத்தியின் நுனி தெரிந்தது. எதைக் குடுக்கப் போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு மயிர் கூச்செறிந்தது, அதோடு பெடலை மிதித்துவிட்டேன். கடற்கரை வீதியில், எங்கள் ஊரில் மாடுகளைப் போலத் திரியும் மான்கள் வழியை மறித்துப் படுத்திருந்தன. மணியை அடித்து, சத்தம் போட்டு, அவற்றை எழுப்பி விலத்திக்கொண்டு பறந்தேன். அவனுக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை இருக்கவில்லை.

மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்ச் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. பொடியன்கள் நீந்திவிட்டு ஜெற்றிப் பலகையில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னேன்:

“டேய், அவன் உனக்குக் குடுக்க வாறான். கத்தியும் கையில.”

கோல்காரன் முதலில் சிரித்தான். பிறகு சுற்றியிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவன் ஓட ஏலாது. பக்கத்துத் தோணியில் கிடந்த முறிந்த துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தான். நான் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் ஏறி உட்கார்ந்தேன். நன்றாகப் பார்க்கக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுத்தேன். இதை எழுதாமல் விட முடியாது.

வலைக்காரன் வந்தான். ஒன்றும் பேசவில்லை. பேப்பரைப் பிரித்தான். கத்தியோடு குனிந்தான். குனிந்த தோளில் துடுப்பு விழுந்தது. இரண்டாவது அடி காதில். அதன் பிறகு கத்தி. மூன்று முறை குத்தினான். மூன்றாவது முறை கோல்காரன் ஏற்கெனவே முழங்காலில் இருந்தான். அந்த மூன்றாவதை எந்த விளக்கத்தாலும் மாற்ற ஏலாது, மாற்ற நான் வரவுமில்லை. குத்திவிட்டு அவன் ஓடவில்லை. அருகில் குந்தி, கத்தி சுற்றி வந்த அதே பேப்பரால் காயத்தைப் பொத்திப் பிடித்தான். பேப்பர் ஊறிக் கிழிந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கோல்காரன் முடிந்துவிட்டான்.

பொலிசில் நான் சொன்ன வேகத்துக்கு எழுத முடியாமல், ஆறுதலாகச் சொல்லும் தம்பி என்று பொலிஸ்காரர் இரண்டு தரம் கேட்டார்.

நீதவான் முன் விசாரணை நடந்தபோது நான் முக்கிய சாட்சி. அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்: “குடுக்கத்தான் போறன் எண்டவன்.” முதலியார் என்று நாங்கள் சொல்லும் கோட்டு மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் ‘தாக்கத்தான் போகிறேன்’ என்று ஆக்கிச் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியும். அது சரியென்றே நானும் நினைத்தேன். பேப்பரைப் பிரித்துக் கத்தியை வெளியே எடுத்தானா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். குனிந்தானா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிறகு வலைக்காரனின் தாய் சாட்சிக் கூட்டில் ஏறினா.

“கத்தியைக் கொண்டுபோய்க் குடு எண்டு நான்தான் விட்டனான். கையில குடாதை, கீழ வை, வாங்கிற ஆள் எடுக்கட்டும் எண்டும் சொன்னனான்.”

எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை மாற்ற மாட்டோம். மாற்றினால் சண்டை வரும் என்பார்கள். நிலத்தில் வைப்போம், மற்றவர் எடுப்பார். முதலியார் முதல் வசனத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டார். வீட்டு வழக்கம்தானே என்று நினைத்திருப்பார். பெற்ற தாய் பின்னே எப்படிச் சொல்வாள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

நான் சாட்சிகள் இருக்கும் நீள வாங்கில் இருந்தேன். அவன் ஏன் குனிந்தான் என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: கத்தியைத் திருப்பித் தர வந்தவனுக்கு இவன் ஏன் துடுப்போடு நின்றான்? யார் போய்ச் சொன்னது? முன்வரிசையில் கோல்காரனின் தகப்பன் மடித்த சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதங்கள் கழித்து மேல்கோட்டில், தீர்ப்புச் சொல்ல இருத்திய யூரர்கள் முன்னால், எல்லாம் தெரிந்துகொண்டே அதே வசனத்தைச் சொன்னேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கொல்லவென்றே வந்தான் என்று தீர்த்தார்கள். வயது காணாதபடியால் தூக்கு இல்லை. தெற்கே, இளம் குற்றவாளிகளை வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மீன் வரத் தொடங்கியது. மீன்கடைக்காரர் தானே கொண்டுவந்து தருவார்.

“என்ர பிள்ளைக்காக வாய் திறந்தது நீர் ஒருத்தர்தான், மகன்.”

அம்மா சொதி வைப்பா. நான் சாப்பிட்டேன். முதல் வாரம் முள் தொண்டையில் நின்றது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நிற்கவில்லை. ருசியாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் வலைக்காரனின் தாய் வந்தா. என்னைவிட முப்பது வயது மூத்தவ, படித்த பொடியன் என்று எப்போதும் ‘நீங்கள்’ போட்டுத்தான் கதைப்பா. கருணை மனு ஒன்று எழுதவேண்டுமாம். நீங்கள் வடிவா எழுதுவியள் எண்டு எல்லாரும் சொல்லுகினம் தம்பி, என்றா. கோட்டில் நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு பக்கம் எழுதினேன். தகப்பனில்லாத பிள்ளை, சின்ன வயது, நல்ல நடத்தை, தாயின் கண்ணீர். குனிந்ததை எழுதவில்லை. என் சைக்கிளை எழுதவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு வரியில் மறுப்பு வந்தது. எழுத்து வடிவாத்தான் இருந்ததாம், வாசித்துக் காட்டின ஆள் சொன்னவர் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனா.

பத்திரிகை கிடைக்கவில்லை, வாத்தியார் வேலைதான் கிடைத்தது. மூதூருக்கு அப்பால், கிளிவெட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். திங்கள்தோறும் அதே ஜெற்றியில் லோஞ்ச் ஏறுகிறேன். அந்த இரும்புக் குற்றியில் இருப்பதில்லை, நின்றுகொண்டே போகிறேன். போன மாதம் பென்சில் சீவவென்று நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு என் சின்னக் கத்தியைக் குடுத்தேன். சீவி முடிந்து வந்து, நான் கையை நீட்ட, பிள்ளை குனிந்து அதை என் காலடியில் வைத்தது.

“கையில குடுக்கப்படாது, சேர்.”

எடுக்கக் குனிந்த நான் நிமிர முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வகுப்பு சிரித்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து சத்தியக் கடதாசி எழுதினேன். இரண்டு பிரதி. அவன் எந்தக் குடுப்பைச் சொன்னான், நான் எதை விளங்கினேன், யாருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன், என்ன சொன்னேன், அவன் எப்படிக் குனிந்தான், மூன்றாவது குத்து எப்போது விழுந்தது, எல்லாம். என் கையெழுத்தை உறுதிப்படுத்திய சமாதான நீதவான் வாசித்துவிட்டு, இது உம்மட வேலைக்கும் ஆபத்து, யோசிச்சீரோ என்று கேட்டார். யோசிக்க ஐந்து வருஷம் எடுத்துவிட்டேன் என்றேன்.

ஒரு பிரதி மீன்கடைக்காரருக்கு. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்குச் சந்தைக்குப் போகவேண்டும். மற்றதை நேற்று வலைக்காரனின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தாய் முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தா. வாங்கோ தம்பி, இருங்கோ என்று கதிரை எடுக்கப் போனா. இருக்க வேண்டாம் மாமி, முதல் இதைக் கேளுங்கோ என்று நின்றபடியே வாசித்தேன். அவ திரும்பவும் கருவாட்டைப் பிரட்டியபடி கேட்டா. நான் சைக்கிளை மிதித்ததை வாசித்த இடத்தில் அவவின் கை நின்றது. வாசித்து முடிய நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

“அப்ப, அவனுக்கு முன்னால நீங்கள் போய்ச் சேர்ந்தியளோ?”

“ஓம், மாமி.”

“நீங்கள் போகாட்டில் அவன் வைச்சிட்டு வந்திருப்பான்.”

ஓம் என்று தலையை ஆட்டினேன். ஏசுவா என்று நினைத்தேன், அழுவா என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. சீலையில் கையைத் துடைத்தா. துடைத்த கையை என் முன்னால் நீட்டினா.

“குடு,” என்றா.

அவ என்னை ‘நீ’ போட்டுக் கதைத்தது அதுதான் முதல் தடவை. கீழே வைக்கவில்லை. அந்தக் கையில் குடுத்தேன்.