ஐந்து முதல் ஏழு வரை எங்கள் பாட்டு

எங்கள் ஊர் வாசகசாலையில் மாலை ஐந்து மணிக்கு மேல் யார் பாட்டுப் போடுவது என்பதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். இந்த வயதில் இதற்கெல்லாமா என்று கேட்டவர்களிடம், இந்த வயதில் இதற்குத்தான் என்று பதில் சொல்லியிருக்கிறேன். பென்ஷன் வருகிறது. பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். ஒரு முழங்காலைத் தவிர உடம்பு சொன்னபடி கேட்கிறது. சண்டை போட வேறு விஷயம் எதுவும் எனக்கு மிச்சமில்லை.

கேரள எல்லையில், பனச்சமூட்டுக்குக் கொஞ்சம் மேற்கே, ஆரியங்கோடு போகிற வழியில் இருக்கிறது அந்த வாசகசாலை. தமிழ்ப் பேப்பரும் வரும், மலையாளப் பேப்பரும் வரும். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தவன். உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்பது ஓய்வுக்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே ஆசை. கூட்டாளிகள் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் சர்ச் பக்கத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். இன்னொருவர் மலையாளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். ஐந்து முதல் ஏழு வரை நாங்கள் மூன்று பேரும் அங்கே உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்போம். தமிழில் இரண்டு போட்டால் மலையாளத்தில் இரண்டு. அந்தக் கணக்கில் டீச்சர் கறாரானவர்.

வீட்டிலேயே கேட்கலாமே என்பார்கள். வீட்டில் டிவி மருமகளுடையது, செல்போன் பேரனுடையது, அமைதி என் மனைவியுடையது. காதில் செருகிக்கொள்ளும் சாமானை மகன் வாங்கிக் கொடுத்தான். அதை மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நல்ல இடம் வரும்போது பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் அவர் பாட்டுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். தனியாகப் பாட்டுக் கேட்பது எனக்குக் கல்யாண வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது போல இருந்தது. பாட்டு என்றால் நாலு பேர் சேர்ந்து தலையாட்ட வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் போனால் எனக்கு அந்த நாளில் வேறு ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

போன ஓணத்துக்கு முன்னால் வாசகசாலையின் பழைய பாட்டுப்பெட்டி செத்துப்போனது. இளைஞர்கள் சேர்ந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்தார்கள். ஒயர் கிடையாது. யாருடைய போன் அதோடு சேர்கிறதோ அவர்களுடைய பாட்டுப் பாடும். முதல் நாள் நாங்களே அதைத் தொட்டுத் தொட்டுப் பாராட்டினோம். இரண்டாம் நாள்தான் அதன் குணம் தெரிந்தது. டீச்சரின் போனில் ஒரு பாட்டு சரணத்துக்கு வந்தது. தையல்கார அண்ணன் கையைத் தூக்கித் தாளம் போட ஆரம்பித்தார். அப்போது ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். உடனே கட்டடமே ஆடும்படி டம் டம் என்று ஒரு அடி. ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெளியே மைதானத்தில் ஓணத்துக்கு டான்ஸ் பழகுகிற பிள்ளைகள். அங்கே நின்றுகொண்டே எங்கள் பாட்டைக் கழற்றிவிட்டுத் தங்கள் பாட்டை மாட்டியிருக்கிறார்கள்.

வெளியே போய்க் கத்தினேன். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு பெண். பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பெண்கள் வடம் இழுக்கும் அணிக்கும் அவள்தான் கேப்டன்.

"எனக்க பாட்ட ஏம்பிள்ள கட் பண்ணின?"

"மாமா, எங்களுக்குப் பிராக்டீஸ் உண்டு. நிங்களுக்க பாட்டு அம்பது வருசமா அங்கதானே கெடக்குது, எங்க ஓடிப் போவும்?"

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மறுநாள் நான் அவர்களுக்கு முன்னால் போய்ப் போனைச் சேர்த்தேன். அவர்கள் கழற்றினார்கள். நான் மறுபடி சேர்த்தேன். ஒரு வாரம் ஊரில் யாரும் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்கவில்லை. கடைசியில் வாசகசாலைச் செக்ரட்டரி இரு தரப்பையும் உட்காரவைத்தார். ஓண விழாவில் ஒரு போட்டி வைக்கலாம் என்றார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் வாத்திய இசையை மட்டும் அவர் போடுவார். குரல் வருவதற்குள் முதல் வரியைச் சொல்ல வேண்டும். பழைய பாட்டு ஒரு சுற்று, புதிய பாட்டு ஒரு சுற்று. ஜெயிக்கிறவர்களுக்கு அடுத்த ஓணம் வரை ஐந்து முதல் ஏழு வரை ஸ்பீக்கர். தோற்றவர்கள் அந்த நேரத்தில் அதைத் தொடக்கூடாது.

"புதுசும் வருமே" என்று டீச்சர் இழுத்தார்.

"பழசுலயே தூக்கிரலாம் டீச்சர். இவ்வோளுக்கு என்ன தெரியும்?" என்றேன் நான்.

ஓணத்தன்று மழை விட்டிருந்தது. பந்தலில் பாயசம் விளம்பி முடிந்து ஊரே உட்கார்ந்திருந்தது. பதில் தெரிந்ததும் அடிக்க எங்களுக்கு ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு விசில். பழைய பாட்டுச் சுற்று தொடங்கியது. முதல் இசையிலேயே புல்லாங்குழல் கிளம்பியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கரண்டி தையல்கார அண்ணன் கையில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் மனிதர் கண்ணை மூடிவிட்டார். தலை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. விசில் அடித்தது. கேப்டன் முதல் வரியைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, கரண்டி!" என்றேன்.

"நல்ல இடமாக்கும் அது. எப்பிடி அடிக்க?" என்றார்.

அடுத்ததிலும் அதே கதை. வயலின் ஏறும்போது டீச்சர் பெருமூச்சு விட்டார், நான் தொடையில் தாளம் போட்டேன், விசில் அடித்துவிட்டது. பாட்டைத் தெரிந்திருந்ததுதான் எங்களுக்கு வினையாகப் போயிற்று. குரல் வரட்டும் என்று காத்துக் கிடந்து பழகிய காது, குரல் வருவதற்குள் பதில் சொல் என்றால் கேட்குமா? அந்தப் பிள்ளைகளுக்கு அந்த இசைத் துண்டுகள் எல்லாம் அத்துப்படி. செல்போனில் பூனை குதிக்கிற படம், தோசை சுடுகிற படம் என்று எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கள் பாட்டுகளின் முன்னிசையைத்தான் போடுகிறார்களாம். பாட்டு அவர்களுக்குத் தெரியாது, வாசல் மட்டும் தெரியும்.

ஒரே ஒரு தடவை நாங்கள் முந்தினோம். அண்ணன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கித் தட்டில் ஓங்கி அடித்தேன். நான் தமிழில் முதல் வரியைச் சொன்னேன். அதே நொடியில் டீச்சர் மலையாளத்தில் முதல் வரியைச் சொன்னார். மெட்டு ஒன்று, பாட்டு இரண்டு மொழியிலும் உண்டு. இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எது ஓடுகிறது என்று முன்னிசையை வைத்து எப்படிச் சொல்வது? செக்ரட்டரி, ஒரு அணிக்கு ஒரு பதில்தான், இரண்டு சொன்னால் செல்லாது என்றார். பந்தலில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் எங்களுக்காக வாதாடினார்கள். பிரயோஜனமில்லை. சுற்று முடிந்தபோது எங்களுக்கு ஒரு மார்க் கூட இல்லை. முன் வரிசையிலிருந்த என் மனைவி, வா வீட்டுக்குப் போகலாம் என்று கண்ணால் கூப்பிட்டாள்.

புதிய பாட்டுச் சுற்று என்றதும் கூட்டம் சிரித்தது. பாவம், விட்டுவிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

முதல் இசை தொடங்கியது. ஒரு மோட்டார் கிளம்பி நிற்பது போன்ற சத்தம். எனக்கு அந்த மோட்டாரைத் தெரியும். என் வீட்டுக்குத் தெற்கே ரப்பரை வெட்டிவிட்டுப் பச்சை விரிப்புப் போட்டுக் கால்பந்து விளையாட வாடகைக்கு விடுகிறார்கள். டர்ஃப் என்று பெயர். காலையிலும் சாயங்காலமும் அங்கே பாட்டு அலறும். அதை எதிர்த்துப் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தவன் நான். மனுவில் எழுதுவதற்காகவே ஒவ்வொரு பாட்டையும் தலையிலிருந்து வால் வரை கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டு வைத்திருந்தேன். இது மோட்டார், இது இரும்புக் கேட்டை இழுக்கிறது, இது தவளைக்கு வயிற்றுவலி. ஒரு வருஷமாக மனதாரத் திட்டியவனுக்கு மனப்பாடம் ஆகாமல் இருக்குமா?

தட்டில் அடித்தேன். பந்தல் முழுக்க என் பக்கம் திரும்பியது.

முதல் வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பாட்டில் வரி எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? மூச்சு விடாமல் போகிற ஜாதி. அதனால் நானும் மூச்சு விடாமல் போனேன். பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரை ஒரே இழுப்பில் சொல்லிப் பழகிய வாய்தானே, தங்குதடையில்லாமல் வந்தது. நடுவில் என் கை தானாக மேலும் கீழும் போனதாகப் பிறகு சொன்னார்கள். நான் நிறுத்தியபோது பந்தல் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. கேப்டன் வாயிலிருந்து விசில் விழுந்துவிட்டது.

"மாமா, அடிபொளி!" என்றாள். எதிரியே பாராட்டினாள்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. இரும்புக் கேட்டை இழுக்கிற பாட்டு வந்தது, அடித்தேன். தவளை வந்தது, அடித்தேன். அந்தப் பிள்ளைகள் முழித்தார்கள். அவர்களுக்குத் தங்கள் பாட்டு தெரியாதா என்றால் தெரியும், நடுவில் ஆடுகிற இடம் மட்டும் தெரியும். தொடக்கத்திலிருந்து கேட்கப் பொறுமை ஏது? போதாததற்கு ஒருத்தி கேட்பது கொரியாப் பாட்டு, ஒருத்தன் கேட்பது தமிழ்க் குத்து, இன்னொருத்தன் மலையாள ராப். அவரவர் காதில் அவரவர் பாட்டு. பக்கத்தில் இருப்பவன் கேட்பது இவனுக்குத் தெரியாது. டர்ஃப் ஸ்பீக்கர்தான் எல்லாவற்றையும் போடும், அதை முழுசாகக் கேட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

இரண்டு அணியும் சமமாக வந்து கடைசி இசை மிச்சமிருந்தது. தொடங்கியது. எனக்குத் தெரியவில்லை. டர்ஃபில் போடாத பாட்டு. மெதுவாக ஒரு கிட்டார், அவ்வளவுதான். கேப்டன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். கரண்டி மறுபடி அவர் கைக்குப் போயிருந்தது. மனிதர் மறுபடி கண்ணை மூடியிருந்தார். போச்சு, ஒரு வருஷம் போச்சு என்று நினைத்தேன்.

டங் என்று ஒரு சத்தம். அண்ணன் கண்ணைத் திறக்காமலே தட்டில் அடித்திருந்தார். முதல் வரியைச் சொல்லவில்லை, பாடினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற அதே நிதானமான குரலில், புத்தம்புதிய சினிமாக் காதல் பாட்டை. பள்ளிக்கூட டான்ஸுக்கு உடுப்புத் தைக்க வந்த பிள்ளைகள் அளவு பார்க்கிற சாக்கில் அவர் கடையில் அதைப் போனில் போட்டு ஆடிக் காட்டியிருக்கிறார்கள்.

"அண்ணே, ஒங்களுக்கு இது எப்பிடி?" என்றேன், அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே.

"நல்ல பாட்டாக்கும் மக்கா. நல்லதுன்னா நல்லதுதானே" என்றார்.

டீச்சர் அழுதுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பந்தலில் எங்கள் மூன்று பேருக்கும் இரண்டாம் தடவை பாயசம் கிடைத்தது. அண்ணனைத் துரோகி என்று ஊர் முழுக்கக் கேலி செய்தேன். மோட்டார்ப் பாட்டு எனக்கும் கொஞ்சம் பிடித்துப்போயிருந்தது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஓணம் முடிந்து மறுநாள் ஐந்து மணிக்கு ஸ்பீக்கரை முழு உரத்தில் வைத்தோம். யாரும் கழற்றவில்லை. மைதானம் காலியாகக் கிடந்தது. ஜெயித்ததைப் பார்க்கத் தோற்றவர்கள் ஒருவரும் வரவில்லையே என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு மூன்று நாள் அப்படியே போனது. பிறகு ஒரு சாயங்காலம் அந்தக் கேப்டன் பெண் இரண்டு பேரோடு வந்து கேரம் போர்டை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்த ஓணத்துக்கு விட மாட்டோம் மாமா. பழைய பாட்டு மொத்தமும் கேட்டுப் படிச்சிட்டு வாறோம்" என்றாள்.

"படி, படி. ஆரு வேண்டாம்னு சொன்னா?" என்றேன்.

அன்றிலிருந்து வருகிறார்கள். முதலில் முன்னிசை முடிந்ததும் கேரம் ஆடத் திரும்பிவிடுவார்கள். பிறகு பல்லவி வரை இருந்தார்கள். இப்போது எப்போதாவது காயை அடிக்காமல் விரலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

போன வாரம் பேப்பர் படிக்க வந்த ஒரு வெளியூர்க்காரரிடம் ஓணப் போட்டியில் நான் ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தத்தைக் கேட்டு நான் தட்டில் அடித்த இடம். குரலைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் அந்த இடம் எடுபடும். ஸ்பீக்கரில் எங்கள் பாட்டு ஒன்று இரண்டாம் சரணத்துக்கு வந்திருந்தது.

"மாமா, ஒருக்கா மிண்டாம இரியுங்க. பாட்டு போவுதில்லா?" என்று அதட்டினாள் அந்தப் பெண். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் உடனே வாயை மூடிக்கொண்டேன். என்னை இப்படி அதட்டி உட்காரவைக்க இந்த ஊரில் ஒரு ஆள் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பாட்டு முடியும் வரை எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை.