ஒரியேத்தாவைத் தூக்கி வந்த வழி

ஒரியேத்தா கொதோய் எங்கள் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. நாங்கள் எல்லாரும் இருபதைத் தாண்டாதவர்கள். அம்மா இறந்த பிறகு செம்புச் சுரங்கத்தில் ராட்சத லாரி ஓட்டி இரண்டு தம்பிகளை ஆளாக்கினாள். சின்னவனுக்கு வேலை கிடைத்த மாதமே லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, பாலைவன ஓரத்து நகரமான கோப்பியபோவில் நிலவியல் படிக்க வந்துவிட்டாள். "இனி என் முறை" என்று தம்பிகளிடம் சொன்னாளாம். அவ்வளவுதான் விளக்கம்.

நாங்கள் அவளை அக்கா என்றோம். மாணவர் நடைக்குழுவுக்குத் தலைவி வேண்டியிருந்தபோது யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொருவர் பையையும் தூக்கிப் பார்ப்பாள், கனமான டப்பாக்களைப் பிடுங்கித் தன் பையில் திணித்துக்கொள்வாள். அவள் பொருளை வேறு யாரும் தொடக் கூடாது.

மூன்றாம் ஆண்டில் ஏழு பேர் கோப்பியபோவிலிருந்து கடற்கரைக்குப் பாலைவனத்தின் குறுக்கே நடந்தோம். முதல் நாள் வெயிலும் கல்லும்தான். இரண்டாம் நாள் காலை கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. பத்தடி தள்ளிப் போகிறவன் நிழலாகத் தெரிந்தான். வழி பார்க்க முன்னால் போன ஒரியேத்தா, யாரோ எந்தக் காலத்திலோ தோண்டிப் போட்ட சுரங்கக் குழியின் விளிம்பில் கால் வைத்தாள். விளிம்பு சரிந்தது.

ஆழமில்லைதான். ஆனால் மேலே இழுத்துப் போட்டபோது கணுக்காலுக்கு மேலே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எங்களில் ஒருவனான ஃபாபியான் கத்தியை எடுத்து அவள் பூட்ஸை அறுக்கப் போனான்.

"டேய், புதுசுடா அது!"

"கால் பழசுதானே அக்கா, வீங்க அதுக்கு இடம் விடு."

அறுத்தான். அவள் அவனை ஏசிய ஏச்சில் பாதியை இங்கே எழுத முடியாது.

தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. இருந்த தண்ணீர் அன்று இரவு வரைக்கும்தான் வரும். ஒரியேத்தா உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டாள்.

"ஒரு பாட்டில் எனக்கு. மிச்சத்த எடுத்துட்டு எல்லாரும் ரோட்டுக்குப் போங்க. வண்டி அனுப்புங்க."

"எங்க அனுப்பறது?" என்றாள் யஸ்னா. எங்களில் குறைவாகப் பேசுகிறவள் அவள்தான். "இந்தப் பனியில உன்ன விட்டுட்டுப் போனா, திரும்பி வந்து எந்தக் கல்லுன்னு தேடறது?"

"தலைவி நான்தான்."

"நேத்து வரைக்கும்" என்றான் ஃபாபியான்.

கூடாரத் துணியை நான்காக மடித்து அவளைக் கிடத்தினோம். பக்கத்துக்கு மூன்று பேர். திசைகாட்டி என் கையில். ஆறு பேரும் ஒரே மாதிரி அடி வைக்கப் பழகவே வெகுநேரம் ஆயிற்று. விரல்கள் மரத்தன. ஒரியேத்தா கீழே கிடந்து, "ரெண்டு நிமிஷம் நில்லுங்க, கை மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு பேச்சு நின்றது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வலி என்று நினைத்தோம்.

"யஸ்னா" என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணுக்குப் போகணும்."

நாங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றோம். யஸ்னா அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் ஒரியேத்தா அழுதாள், சத்தமாக. கால் உடைந்தபோதுகூட அழாதவள். துணியில் மறுபடி கிடத்தியதும் ஒரியேத்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என் பையில பீச் பழ டப்பா இருக்கு, தின்னுங்க, கனமாச்சும் குறையும்" என்றாள். நின்றபடியே தின்றோம். அவளுக்கு யஸ்னா ஊட்டிவிட்டாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

மாலையில் நெடுஞ்சாலை வந்தது. கடற்பாசி ஏற்றிய ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "யாரு செத்தது?" என்றார்.

"இன்னும் சாகல" என்றாள் துணிக்குள்ளிருந்து. "எடம் இருக்கா?"

ஈரப் பாசியின் மேல் படுத்தபடி கடற்கரை ஊரான கால்தேராவின் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாள். காலில் தகடு வைத்தார்கள். ஒரு பருவத் தேர்வு போயிற்று. எங்களுக்கு ஓராண்டு கழித்துப் பட்டம் வாங்கினாள். லேசான நொண்டல் மிஞ்சியது. மலையேறும் வேலை கிடையாது என்று ஆனதும், தாது கொள்முதல் நிலையத்தில் மாதிரிகளைச் சோதிக்கும் வேலைக்குப் போனாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் கோடையில் என்னையும் யஸ்னாவையும் அழைத்தாள். குழி இருந்த இடத்திலிருந்து சாலை வரை நடக்க வேண்டுமாம்.

"எதுக்கு?" என்றேன்.

"அந்த வழி முழுக்க நான் பாத்தது உங்க தாடைங்கள மட்டும்தான். தரை எப்படி இருக்குன்னே தெரியாது."

அன்று பனி இல்லை. சாம்பல் நிற மேடுகள், உடைந்த கல், அங்கங்கே ஒரு முள். மெல்ல நடந்தாள், பாதி வழியில் யஸ்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், பிடியை விடவும் இல்லை. சாலை தெரிந்ததும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே இங்க" என்றாள். பிறகு உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தாள்.