குமரப் பருவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

பி.எட். படிக்கும்போது உளவியல் பாடத்தில் மனித வாழ்க்கையைக் கூறு போட்டு வைத்திருந்தார்கள். சிசுப் பருவம், குழந்தைப் பருவம், குமரப் பருவம், நடுவயது, முதுமை. ஒவ்வொன்றுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு எழுதி வரச் சொன்னார் பேராசிரியை. குமரப் பருவத்துக்கு நான் எழுதியது பொய். தோழிகளோடு கோலம் போட்டதாக எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். உண்மையை எழுதியிருந்தால் அந்த அம்மாவுக்கு மயக்கம் வந்திருக்கும்.

எனக்குப் பதின்மூன்று வயதில் திருச்சுழி மண்டபத்தில் சடங்கு வைத்தார்கள். பெண் வயசுக்கு வந்துவிட்டால் ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போடுவது எங்கள் பக்க வழக்கம். வாசலில் பெரிய பிளக்ஸ். அதில் அப்பா தன் தம்பியின் படத்தை என் தலைக்கு மேலே பெரிதாகப் போட்டு, தாய்மாமனை அடியில் தபால்தலை அளவுக்குப் போட்டிருந்தார். தாய்மாமன் சீர் இறக்காமல் சடங்கே கிடையாது. நரிக்குடியிலிருந்து லோடு ஆட்டோவில் சீர்த்தட்டுகளோடு கொட்டடித்து வந்து இறங்கிய மாமா, முதலில் பார்த்தது என்னை அல்ல, அந்தப் படத்தைத்தான்.

“மச்சான், உங்க தம்பிதான் சீர் செய்றாகளா? நாங்க என்ன கறி திங்க வந்தோமா?”

“இஷ்டம்னா இறக்கு, இல்லன்னா வண்டியத் திருப்புலே,” என்றார் அப்பா.

மாமா பிளக்ஸைக் கிழித்தார். அதிலிருந்த என் முகமும் சேர்ந்து கிழிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. சித்தப்பாவின் மண்டை உடைந்தது. மாமாவின் இரண்டு பற்கள் சந்தனக் கிண்ணத்தின் பக்கத்தில் கிடந்தன. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அது அடுத்த தலைமுறையைப் பேணும் பருவம் என்கிறது பாடப்புத்தகம். படிக்கும்போது எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

மாமாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகு, அடிக்க ஆளில்லாமல் அப்பா அம்மாவின் முடியைப் பிடித்தார். மேடையிலேயே, என் காலடியில் போட்டு மிதித்தார்.

“ஒன் தம்பி புத்திதான ஒனக்கும்? ஒம் மக இனிமே பள்ளிக்கூடம் போக வேணாம். வீட்டுல கெடக்கட்டும்.”

அம்மா மிதிக்கு அழவில்லை, இதற்குத்தான் அழுதாள். “என்னைய வேணா கொன்னு போடுங்க, அவ படிக்கட்டும்.”

அப்பா மறுபடி கையை ஓங்கினார். கழுத்தில் மாலையோடு நான் பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கி அந்தக் கையில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு முறையும் அடித்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். தடுக்க யாரும் வரவில்லை.

இப்போது நான் டீச்சர். அப்பா பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடமாகிறது. நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். வாயைத் துடைக்கத் துண்டோடு கையை உயர்த்தினால், எலும்பு கோணலாகக் கூடிய அந்தக் கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். அடிக்க மாட்டேன்ப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றுவரை நான் சொன்னதில்லை.