மலையில் விழுந்த ட்ரோனும் நான் சொன்ன தீர்ப்புகளும்

ட்ரோன் ரிப்பேர் தொழிலில் இருக்கிறவனுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும்: இந்த ஊரில் இதுவரை எவரும் ட்ரோனை எதிலும் இடித்ததில்லை, எல்லாமே தானாகத்தான் விழுந்திருக்கின்றன. மிக்ஸி கடைக்காரர்களும் செல்போன் பழுது பார்ப்பவர்களும் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். தண்ணீரில் விழவே விழாத போன்கள்தானே உங்களிடமும் ஈரத்தோடு வருகின்றன? நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு சின்னக் கடை. முன்பு கேமரா ரிப்பேர் பார்த்தேன். கேமரா எல்லாம் போனுக்குள் போய்விட்ட பிறகு ட்ரோனுக்கு மாறினேன். கடைப் பலகையில் 'ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லப்படும்' என்று ஒரு வரி கூடுதலாக எழுதச் சொன்னது என் சொந்த மூளை. அந்த ஒரு வரியால் எனக்கு நேர்ந்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இறக்கை மாறிய கதை

ஒருநாள் காலையில் மேலப்பாளையத்து ஜவுளிக்கடை சாகுல் ஒரு பையோடு வந்தார். பைக்குள் கால் உடைந்த ட்ரோன். அவருடைய மச்சான் மன்சூர், அதாவது சாகுல் மனைவியின் அண்ணன், துபாயிலிருந்து லீவில் வரும்போது ஆசையாக வாங்கி வந்து தங்கைக் குடும்பத்துக்குக் கொடுத்தது. எல்லோருமாக ஆழ்வார்குறிச்சிப் பக்கம் மலையடிவாரத்தில் மன்சூரின் சிநேகிதர் தென்னந்தோப்புக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பறக்கவிட்டதில் ட்ரோன் மலைச்சரிவில் விழுந்துவிட்டது. விழுந்தது பெரிதில்லை. சாகுல்தான் போட்டார் என்று மன்சூரும், கடைசி நேரத்தில் கையிலிருந்து பிடுங்கி மன்சூர்தான் எதையோ அமுக்கினார் என்று சாகுலும் சொல்லி, பேச்சு வளர்ந்து, மன்சூர் தங்கை வீட்டைவிட்டுக் கிளம்பி ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டுவிட்டார். லீவு முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. இதே கோபத்தோடு விமானம் ஏறினால் அடுத்து எப்போது வருவாரோ, வந்தாலும் இந்த வீட்டுப்படி ஏறுவாரோ மாட்டாரோ.

நான் ட்ரோனைத் திருப்பிப் பார்த்தேன். நாலு இறக்கையில் இரண்டு ஒரு பக்கம் சுற்றும், இரண்டு எதிர்ப்பக்கம் சுற்றும். அதில் இரண்டு இடம் மாறி மாட்டியிருந்தது. "இறக்கையை மாட்டினது யாரு?" என்றேன், ஏதோ கைரேகை கண்டுபிடித்தவன் மாதிரி. "மச்சாந்தான்!" என்று சாகுல் முகம் மலர்ந்து, என் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். மத்தியானமே மன்சூர் வந்துவிட்டார். ஆறடி ஆள், அத்தர் வாசனை. கடை வாசலில் நின்றே கேட்டார்: "விழுந்ததுல நாலு இறக்கையும் ஒடிஞ்சு போச்சேன்னு பெறவு நாந்தான்வே புதுசு மாட்டினேன். அது முன்னாடியே மாறியிருந்தா, தரையைவிட்டே எந்திரிக்காதே, மலை வரைக்கும் எப்படிவே போச்சு?"

கழுகு பிராண்டிய தடம்

ஒரு தீர்ப்பு தப்பாகிவிட்டால் அடுத்த தீர்ப்பை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். ட்ரோனின் முதுகில் நீளமாகக் கீறல்கள் இருந்தன. அருகருகே, ஒரே திசையில், நகம் வைத்து இழுத்தது மாதிரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மலைப்பக்கம் கழுகுகள் தங்கள் எல்லைக்குள் வரும் ட்ரோனை அடிப்பது உண்டுதான். ஆக, மச்சான் மேலும் தப்பில்லை, மாப்பிள்ளை மேலும் தப்பில்லை, கழுகு மேல் தப்பு. கழுகு யாரிடமும் சண்டைக்கு வரப்போவதில்லை. எவ்வளவு அழகான தீர்ப்பு! நேரில் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று ட்ரோனோடு சாகுல் வீட்டுக்கே போனேன்.

சாகுல் இல்லை. அவர் மனைவி பாத்திமாதான் இருந்தார். கலங்கிய முகம். "எங்க காக்கா ரெண்டு நாளா இங்க வந்து சாப்பிடவே இல்ல, அண்ணாச்சி" என்றார். அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பறவை ஆராய்ச்சியில் இருந்த எனக்கு ஒரு கணம் வேறு காக்கா ஞாபகம் வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, கீறல்களைக் காட்டி, கழுகின் குணநலன்களை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "அது கழுகு இல்ல அண்ணாச்சி. ஒரே செம்மண்ணா அப்பி இருந்துச்சு, ரிப்பேருக்கு அப்படியே அனுப்பினா என்ன நெனப்பீயன்னு நாந்தான் தேங்கா நாரு வச்சு ஒரு தேய் தேய்ச்சேன்."

ஓட்டைச் சாமான்

முதலில் பார்த்திருக்க வேண்டியதை மூன்றாவதாகப் பார்ப்பது என் தொழில் ரகசியம். ட்ரோன் எப்படிப் போனது, எங்கே திரும்பியது என்பதெல்லாம் அதன் நினைவகத்திலேயே பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துப் பார்த்தேன். தோப்பிலிருந்து ஒரு கோடு மலையைப் பார்த்துப் போகிறது, வளைகிறது, ஓர் இடத்தில் சிக்னல் அறுகிறது. அதன் பிறகு ட்ரோன் தானாகத் திரும்பி, கிளம்பிய இடத்தைப் பார்த்து வருகிறது. வழியிலேயே கோடு நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் இரண்டு பேரில் யார் எதை அமுக்கியிருந்தாலும் ட்ரோனுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இரண்டு பேரையும் கடைக்கு வரவழைத்தேன். ஒருவர் ஸ்டூலில், ஒருவர் வாசலில். "உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்ல. தானா வந்த மெஷின் தானா விழுந்திருக்கு. மெஷின் கோளாறு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சாகுல் லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான், மன்சூருக்கு முகம் சிவந்துவிட்டது. பாலைவன வெயிலில் நின்று சம்பாதித்த காசில், கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பரிசு அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்போ என் தங்கச்சிக்கு நான் ஓட்டைச் சாமான் வாங்கியாந்து கொடுத்தேன்னு சொல்லுதீரு, அப்படித்தானவே?"

நடுவில் உட்கார்ந்தவன்

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தீர்ப்பு சொல்லி, ஒரு குடும்பத்தின் சண்டையை மூன்று மடங்காக்கிவிட்டேன். சரி, அதே தோப்புக்குப் போய், அதே பாதையில், என்னுடைய சொந்த ட்ரோனை ஓட்டிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கல்யாணம், கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று எத்தனையோ பார்த்த, அதே வகை ட்ரோன் அது. அது நல்லபடியாகத் திரும்பி வந்தால் அந்த வகை மெஷினில் கோளாறு இல்லை, நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார், இந்த ஒன்றில்தான் ஏதோ கெட்டிருக்கிறது என்று சொல்லி மன்சூரைச் சமாதானப்படுத்தலாம். இருவரும் வர ஒப்புக்கொண்டார்கள். பாத்திமா அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

சாகுலின் காரில், சாகுல் ஓட்ட, மன்சூர் பின்னால் உட்கார, முன்சீட்டில் நான். "அண்ணாச்சி, ஏசி போதுமான்னு பின்னாடி கேளுங்க" என்பார் சாகுல். நான் திரும்பிக் கேட்பேன். "எனக்குக் குளுரு வெயிலு எல்லாம் ஒண்ணுதான்னு அவருட்ட சொல்லும்" என்பார் மன்சூர். ஒரே காருக்குள் ஒரு முழ தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு நான் தபால் கொண்டுபோனேன். அம்பாசமுத்திரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேயும் இதே கதைதான். சீனி தூக்கலா, கம்மியா என்பதுகூட என் வழியாகத்தான் போனது. கிளாஸை நீட்டிய டீக்கடைக்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் பைய கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, அவுக ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?"

நேர்கோடு

தோப்பு, காட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், பட்டா நிலம். தோப்பு முடிகிற இடத்தில் மலை ஒரு பாறைத் தோளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தென்னை மரங்களெல்லாம் அதன் முழங்காலுக்குக்கூட வராது. "இங்கன நின்னுதான் விட்டோம்" என்று சாகுல் காட்டினார். அதே இடத்தில் வைத்துக் கிளப்பினேன். பாறையின் வலப்பக்கமாகச் சுற்றி, அதன் முதுகுக்குப் பின்னால் போகவிட்டேன். கையில் இருந்த போனில் படம் நடுங்கியது, உறைந்தது, காணாமல் போனது. சாகுல் ட்ரோனுக்கும் இங்கேதான் சிக்னல் அறுந்தது என்று எனக்குத் தெரியும். "பயப்படாதீங்க. சிக்னல் போனா தானா வீட்டுக்கு வரும். நல்ல மெஷினுக்கு அதுதான் அடையாளம்" என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பாறைக்குப் பின்னாலிருந்து ரீங்காரம் கேட்டது. வந்துகொண்டிருந்தது. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. பிறகு 'சடார்' என்று ஓர் ஓசை, சின்னச் சின்னதாக ஏதோ உருளும் ஓசை, அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு மைனா மட்டும் கத்திக்கொண்டு பறந்தது. அந்த அமைதியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. போகும்போது நான் பாறையைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். அது திரும்பி வரும்போது சுற்றாது, நேர்கோட்டில் வரும். என்ன உயரத்தில் வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோமோ அந்த உயரத்தில் வரும். அந்த உயரமும் நாம் கிளப்பிய தரையிலிருந்து கணக்கு. நடுவில் மலை எழுந்து நிற்பது அதற்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் மாடிவீடும் தென்னையும் தாண்டினால் போதும் என்று நான் வைத்த உயரம், இங்கே பாறையின் இடுப்புக்குத்தான் வந்திருக்கிறது. அவர்களுடையது கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய உயரம், அதுவும் அப்படித்தான். கிளப்புவதற்கு முன் திரையில் ஒரு எண்ணை மாற்றியிருந்தால் இரண்டு ட்ரோனும் பிழைத்திருக்கும். இதை நான் மூச்சுவிடாமல் விளக்கி முடித்ததும் மன்சூர் கேட்டார்: "இம்புட்டும் தெரிஞ்ச ஆளு, வே, பறக்கவிடுததுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

முள்ளுக்குள்ளே

ட்ரோனைத் தேடிச் சரிவில் ஏறினோம். இலந்தை முள்ளும் உருளைக் கற்களுமாக இருந்தது. எனக்குத் தொந்தி, மன்சூருக்கு மூட்டுவலி. பாதி ஏறியதும் மன்சூரின் செருப்பு வழுக்கியது. மேலே நின்ற சாகுல் யோசிக்கவே இல்லை, சட்டென்று கையை நீட்டினார். "பாத்து, மச்சான். அந்தக் கல்லு ஆடுது." மன்சூர் அந்தக் கையைப் பார்த்தார். பிடித்துக்கொண்டார். மேலே ஏறிய பிறகும் உடனே விடவில்லை. நான் கீழே ஒரு முள்ளில் சட்டை மாட்டி நின்றதால் இதை முழுவதும் பார்க்கக் கொடுத்துவைத்தது.

என் ட்ரோன் ஒரு பாறை இடுக்கில் கிடந்தது. கேமரா தனியாக, கால் தனியாக. நான் அதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேலே நின்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் மன்சூரின் தோள் குலுங்கியது. பிறகு சாகுலுக்கும் அடக்க முடியவில்லை. மலையே அதிரும்படி இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்சூர், சண்டைக்குப் பிறகு முதல்முறையாக, தன் தங்கை புருஷனின் முகத்தைப் பார்த்துப் பேசினார்: "மாப்ள, போயும் போயும் இந்த மனுசன்ட்டயா நாம தீர்ப்புக் கேட்டோம்?"

வீட்டிலிருந்து வந்த போன்

திரும்பி வரும்போது மன்சூர் முன்சீட்டில் உட்கார்ந்தார். என்னைப் பின்சீட்டுக்கு மாற்றிவிட்டார்கள், உடைந்த ட்ரோனோடு. இரண்டு பேரும் பாளையங்கோட்டை வரும்வரை பேசினார்கள். பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான். கழுகு விஷயத்தை சாகுல் சொல்லச் சொல்ல மன்சூர் டாஷ்போர்டில் அடித்துச் சிரித்தார். லாட்ஜிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் பாத்திமா போன் செய்தார். கடைசியில் யார் மேல்தான் தப்பு என்று கேட்டார். நான் உயரக் கணக்கையும் நேர்கோட்டையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தொலைவில் தட்டு வைக்கும் ஓசையும், இரண்டு ஆண்கள் ஏதோ பந்தயம் கட்டிக்கொண்டு சத்தம் போடுவதும் கேட்டது. அவர் நான் சொன்னதில் ஒரு வரியையும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஒரே சகன் தட்டுல உக்காந்து சாப்பிடுதாக. அல்லா உங்க தொழில்ல பரக்கத் தருவான். அடுத்த தடவ எங்க காக்கா லீவுல வரும்போதும், மறக்காம ஒரு ட்ரோனோட வந்துருங்க."

ஒரு ட்ரோன் மலையில் ஏன் விழுந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்ல இன்னொரு ட்ரோன் தேவைப்படுகிறது, அது பெரும்பாலும் ரிப்பேர்க்காரனுடையதாக இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் அடைந்த ஞானம்.