வலி குறைந்த நான்கு மாதங்கள்

இருபத்திரண்டு வருடமாக தி.நகர் பள்ளி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறேன். குருத்தெலும்பு பாடம் வரும்போது பலகையில் ஒரு வலை வரைவேன். அந்த வலைதான் கொலாஜன். அது தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்திருப்பதால்தான் நாம் குதித்தாலும் எலும்போடு எலும்பு உரசுவதில்லை. வலை அறுந்தால் என்ன ஆகும் மிஸ் என்று யாராவது கேட்பார்கள். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதனால் பழுது பார்க்க ஆளும் வராது, பொருளும் வராது என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. பிறக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு போதாமல் போனதில் கைகால்கள் அவள் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். புத்தியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. என் பாடப் புத்தகத்தில் இருக்கும் தப்பை எனக்கே காட்டுவாள். அவள் அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு, வீல்சேரிலிருந்து குளியலறைக்கு, திரும்பவும் வீல்சேருக்கு, படுக்கும் நேரத்தில் கட்டிலுக்கு என்று அவளைத் தூக்குகிறவள் நான்தான். நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் ஒரு அக்கா வந்து ஊட்டுவாள், துணைக்கு இருப்பாள். என்னைவிடப் பெரியவள், அவளால் தூக்க முடியாது. ஏஜென்சி அனுப்பும் ஆட்கள் இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆளைத் தூக்கும் மெஷின் ஒன்றைக்கூட வரவழைத்துப் பார்த்தேன். மயிலாப்பூரில் எங்கள் பழைய ஃப்ளாட்டின் குளியலறைக் கதவுக்குள் அது நுழையவில்லை.

இந்த நிலைமையில்தான் என் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அடையாறில் டாக்டரைப் பார்க்கப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அக்கா லீவு.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஜவ்வு நல்லா தேஞ்சிருக்கும்மா. இனி வளராது. ரீப்ளேஸ்மென்ட்தான் வழி. பண்ணினப்புறமும் வெயிட் தூக்கக் கூடாது. நீங்க தூக்கற ஒவ்வொரு கிலோவும் முட்டியில பல மடங்கா இறங்கும்."

"அப்போ இவளை யார் தூக்கறது டாக்டர்?"

"அதைத்தான் நீங்க யோசிக்கணும்."

அவர் மேஜைமேல் பிளாஸ்டிக் முழங்கால் ஒன்று இருந்தது. அதை எடுத்து அவர் மேலேயே வீசலாமா என்று இருந்தது. அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. என் பக்கத்தில் மகள் அந்த எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. தூக்க முடியாத நாள் வந்தால் அவளை ஏதாவது ஒரு ஹோமில்தான் விட வேண்டும். கொட்டிவாக்கம் பக்கம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்கள், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள், டெட்டால் வாசனை. வீடு திரும்பும்வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் கொலாஜன் பவுடர் டப்பா ஒன்று வாங்கினேன். சாப்பிட்ட கொலாஜன் வயிற்றிலேயே துண்டு துண்டாக உடைந்துவிடும், முழங்காலின் விலாசம் அதற்குத் தெரியாது என்று வருடா வருடம் பாடம் நடத்துகிற அதே நான்தான் வாங்கினேன். மீன் தோலிலிருந்து எடுத்தது என்று டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. கபாலியிடம் மானசீகமாக ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூக்கைப் பிடித்துக் குடித்தேன். என்ன ஏதென்று மகள் கேட்டாள், சொன்னேன். அவள் சிரித்தாள்.

இரண்டாவது மாதம் வலி குறைந்தது. நிஜமாகவே குறைந்தது. கட்டிலிலிருந்து அவளைத் தூக்கும்போது முழங்காலில் கத்தி இறங்குவது போல் இருக்குமே, அது இல்லை. மூன்றாவது மாதம் இன்னும் சுலபமாகத் தூக்கினேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் டப்பாவின் பெயரைச் சொன்னேன். வகுப்பில் வலையை வரைந்தபோது, பழுது பார்க்க ஆள் வராது என்ற வரியைச் சொல்லாமல் விட்டேன்.

நான்காவது மாதம் பள்ளியிலிருந்து நேரே டாக்டரிடம் போனேன், தனியாக, ஜெயித்துவிட்ட தோரணையில். புது எக்ஸ்ரேயையும் பழையதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எலும்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி இன்னும் குறைந்திருந்தது.

"ஆனா வலி இல்லையே டாக்டர். இப்போல்லாம் சாதாரணமா தூக்கறேன்."

அவர் எக்ஸ்ரேக்களைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணு இப்போ என்ன வெயிட்?"

போன வருடக் கணக்கைச் சொன்னேன். அதற்கப்புறம் அவளை எடை பார்க்கவே இல்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. மகளை வாரித் தூக்கிக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறினேன். "என்னம்மா பண்ணிண்டிருக்கே" என்றாள். அக்கா குனிந்து நம்பரைப் படித்தாள். மகளை இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினேன், அதையும் படித்தாள். ஒன்பது கிலோ குறைந்திருந்தாள். நம்பரைப் படிக்கக் குனிந்த அக்கா தலை நிமிரவே இல்லை.

"நான் இன்னாம்மா பண்றது. மத்தியானம் சோறு எட்த்துக்கினு போனா வாயே தொறக்காது. உன்னாண்ட சொன்னா என்னிய வேலைய வுட்டே நிறுத்திடும்னு சொல்லிச்சி பாப்பா. நைட்டு நீ ஊட்டசொல்லவும் பாதிலயே போதும்னு சொல்லிக்கினு கீதே, உனுக்குத் தெரிலயா?"

தெரியும். மத்தியானம் நிறையச் சாப்பிட்டேன், போதும்மா என்பாள். பள்ளியிலிருந்து களைத்து வந்த நான், ஊட்டும் வேலை சீக்கிரம் முடிந்ததே என்று நிம்மதிப்பட்டிருக்கிறேன். தினமும் குளிப்பாட்டிய என் கைக்கு அவள் விலா எலும்புகூடத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லையோ என்னவோ.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"பவுடரால ஒண்ணும் ஆகாதும்மா. நீதானே சொல்லிக்குடுத்திருக்கே. நானும் தேடித் தேடிப் படிச்சுப் பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் வெயிட் ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு."

அவளை அறைந்துவிடுவேனோ என்று பயந்து சமையலறைக்குள் போனேன். தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன். அதட்டினேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

"இன்னிக்கு டாக்டரைப் பாத்துட்டுதான் வரேன். ஜவ்வு கொஞ்சம் வளந்திருக்குன்னார்" என்றேன். பாட விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

"எக்ஸ்ரேயைக் காட்டு."

"அவர்கிட்டயே வச்சுட்டு வந்துட்டேன்."

எக்ஸ்ரே கவர் என் கைப்பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு, அவள் வீல்சேருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை.

"ரெண்டு ஸ்பூன்தான்" என்று வாயைத் திறந்தாள்.

இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். மூன்றாவதற்கு வாயை மூடிக்கொண்டாள்.