தங்கப்பாண்டி அண்ணனுக்குக் குறித்த தேதிகள்

சேதி வந்தபோது தங்கப்பாண்டி அண்ணனுக்காகத்தான் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய ஐரோப்பியக் கச்சேரிகளுக்கான புதிய தேதிகளை ஆறு ஊர்களுக்கு உறுதி செய்யும் கடிதம். அவர் ஊரான ராசிங்காபுரத்திலிருந்து அவர் தம்பி அழைத்தான். "எங்கண்ணன் போயிட்டாருண்ணே. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு, அம்புட்டுத்தான்." எழுதிய கடிதத்தை அனுப்புவதா அழிப்பதா என்றுகூடத் தெரியாமல் இருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சினிமாவும் கேசட் கம்பெனியும் வேண்டாம் என்று தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடிய மனிதர். வருமானம் கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. அவருக்காகக் கடிதம் எழுதுவதும் தேதி குறிப்பதும் என் வேலை. திட்டு வாங்குவதும் என் வேலைதான்.

பயணம் தள்ளிப்போனது ஏலக்காயால். அவருக்குப் பின்பாட்டுப் பாடும் முத்துமாரி அக்காவும் வேலம்மா அக்காவும் குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் காய் எடுப்பவர்கள். இந்த வருடம் மழை பிந்தியது, காயும் பிந்தியது. நாங்கள் விமானம் ஏற வேண்டிய வாரத்தில் காய் எடுப்பு வந்து நின்றது. எடுக்காமல் விட்டால் காய் பழுத்து வெடித்துவிடும். அந்த நேரத்தில் லீவு போட்டவர்களை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். ஐரோப்பாவிலேயே இரண்டு பாடகிகளை ஏற்பாடு செய்யலாம் என்றேன். அண்ணன் முறைத்தார். "அவுக ரெண்டு பேரும் இல்லாம நான் எதுக்குப் போறேன்? ஊரு சுத்திப் பாக்கவா? காய் முடியட்டும்னு எழுதுப்பா." மழை பிந்தியதற்காக வெள்ளைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. புதிய பயணத்துக்கான விசாவுக்குச் சென்னையில் கைரேகை வைக்க வேண்டிய நாளும், மதுரையில் அவருக்கு இதயப் பரிசோதனை குறித்திருந்த நாளும் ஒன்றாக விழுந்தன. அக்காமாருக்குப் பாட்டுச் சொல்லித்தரத் தோட்டத்துக்கு நடந்து ஏறும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, முத்துமாரி அக்காதான் சண்டை போட்டு அந்தப் பரிசோதனைக்கு நாள் வாங்க வைத்திருந்தார். "நெஞ்சு எங்கப்பா ஓடிப்போகுது? அடுத்த மாசம் காட்டிக்கிடலாம். விசாவ விட்டா கெடைக்குமா?" என்றார் அண்ணன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியை மாற்றியது நான்தான்.

சாவு வீட்டில் முத்துமாரி அக்காவிடம் இதைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாங்க காயெடுக்கப் போகாம உங்ககூட வந்திருந்தா, தேதியே மாறியிருக்காதேப்பா" என்று அவர் அழ ஆரம்பித்தார். இல்லை அக்கா என்றேன்.

கூட வந்தவர்களை விட்டுவிட்டு எந்த மேடையும் ஏறாத அவருடைய பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அதோடு இன்னொன்றும் என்னிடம் தங்கிவிட்டது. நான் மாற்றி வாங்கிய அந்தத் தேதி நேற்று வந்தது. காலையில் மதுரை மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினார். "தங்கப்பாண்டிங்கறவருக்கு இன்னைக்கு டெஸ்ட்டு சார். இன்னும் வரலையே?"

அவர் வர மாட்டார் என்றேன்.

"சரிங்க சார், வேற தேதி போடவா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.